வீட்டின் ஃபெங் சுயி கட்டத்தை எந்தக் காலத்துக்குப் போடுவது?

ஃபெங் சுயியின் ஒரு கிளையான பறக்கும் நட்சத்திர முறையில் ஒரு வீட்டுக்குக் கட்டம், அதாவது எண்கள் நிரப்பிய ஒன்பது சதுரப் படம், போட இரண்டு விவரங்கள் வேண்டும். ஒன்று வீடு நோக்கும் திசை, மற்றொன்று வீடு பிறந்த காலம், அதாவது எண்ணிட்ட இருபது ஆண்டுக் காலங்களுள் வீடு எதில் பிறந்தது என்பது. திசையைத் திசைகாட்டி வைத்து அளந்துவிடலாம். புதியவர்கள் தடுமாறுவது காலத்தில்தான். வேலை தொடங்கிய நாள், கூரை போட்ட நாள், முதல் குடும்பம் குடிபுகுந்த நாள், இப்போது இருப்பவர்கள் சாவி வாங்கிய நாள், பாதி வீட்டை இடித்துக் கட்டிய நாள் என ஒரே வீட்டுக்குப் பல தேதிகள் இருக்கின்றன. இவற்றில் எதைக் கணக்கில் எடுப்பது என்பதில் இம்முறையின் ஆசான்களிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு. காலம் மாறினால் கட்டத்தின் எண்கள் எல்லாமே இடம் மாறிவிடும் என்பதால், இந்தத் தேர்வை ஊகத்துக்கு விட்டுவிடக் கூடாது.

2024 பிப்ரவரி 4 அன்று ஒன்பதாம் காலம் தொடங்கியது. அது முதல், எல்லா வீடுகளும் தாமாகவே ஒன்பதாம் காலத்துக்கு மாறிவிட்டன என்ற பேச்சும், மாறாத வீட்டை உடனே மாற்றியாக வேண்டும் என்ற அவசரமும் பரவியிருக்கின்றன. இரண்டும் இம்முறையின் அடிப்படையோடு பொருந்தாதவை என்பது என் கருத்து. அதற்கான காரணங்களையே இங்கே விளக்க முயல்கிறேன். ஃபெங் சுயி ஒரு சீன நம்பிக்கை மரபு, அறிவியல் சோதனையால் நிறுவப்பட்ட துறை அன்று. ஆயினும் அதைப் பின்பற்றுபவர் அதன் இலக்கணத்தைப் பிழையின்றிக் கடைப்பிடிக்க வேண்டும். தவறான காலத்துக்குப் போட்ட கட்டம் அந்த மரபின் கணக்கிலேயே செல்லாததாகிவிடும்.

இருபது ஆண்டுக் காலங்கள்

சீனர்கள் ஆண்டுகளை அறுபது அறுபதாக எண்ணுவார்கள். பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுகள் சுழல்வதை அறிந்த நமக்கு இது புதிதன்று. தொடங்கும் ஆண்டுதான் வேறு. நமது பிரபவ கடைசியாக 1987-இல் வந்தது, சீனர்களின் சுழற்சி 1984-இல் தொடங்கியது. இத்தகைய மூன்று சுழற்சிகள் சேர்ந்த 180 ஆண்டுகளை ஒரு முழு வட்டமாகக் கொண்டு, அதை இருபது ஆண்டுகள் கொண்ட ஒன்பது காலங்களாகப் பிரிக்கிறார்கள். இப்போது நடக்கும் வட்டம் 1864-இல் தொடங்கியது. இன்று மக்கள் குடியிருக்கும் வீடுகளுக்குப் பெரும்பாலும் தேவைப்படுபவை பிற்பகுதிக் காலங்களே: 1944 முதல் 1964 வரை ஐந்தாம் காலம், 1964 முதல் 1984 வரை ஆறாம் காலம், 1984 முதல் 2004 வரை ஏழாம் காலம், 2004 முதல் 2024 வரை எட்டாம் காலம், 2024 முதல் 2044 வரை ஒன்பதாம் காலம். அதன்பின் வட்டம் மீண்டும் முதலாம் காலத்திலிருந்து தொடங்கும்.

எல்லை ஆண்டில் முடிந்த வீடுகளுக்கு ஆண்டை மட்டும் பார்த்தால் போதாது, நாளையும் பார்க்க வேண்டும். காலம் மாறுவது ஜனவரி முதல் தேதியிலும் அன்று, சீனப் புத்தாண்டிலும் அன்று. சூரியன் வான்வட்டத்தில் 315 பாகையை அடையும் லி சுன் என்னும் வசந்தத் தொடக்க நாளில்தான் மாறும். அந்நாள் பெரும்பாலும் பிப்ரவரி 4, சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின்னாக வரும். 2004-இல் சீனப் புத்தாண்டு ஜனவரி 22 அன்றே வந்துவிட்டது. அவ்வாண்டு ஜனவரி இறுதியில் முடிந்த வீட்டைப் புத்தாண்டுக் கணக்கில் எட்டாம் காலத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. லி சுன் கணக்கில் அது ஏழாம் கால வீடு. 2024-இல் நிலைமை தலைகீழாக இருந்தது. லி சுன் பிப்ரவரி 4-இல் வந்துவிட, சீனப் புத்தாண்டு பிப்ரவரி 10-இல்தான் பிறந்தது. இடைப்பட்ட நாள்களில் முடிந்த வீடு ஒன்பதாம் காலத்தைச் சேரும்.

ஒன்பதாம் காலம் 2017-இலேயே தொடங்கிவிட்டது என்று சிலர் சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். அவர்கள் பின்பற்றுவது வேறொரு பிரிப்பு. அதில் 180 ஆண்டுகள் இரண்டு பாதிகளாகவும் எட்டுக் காலங்களாகவும் பிரிக்கப்படுகின்றன. காலங்கள் சம அளவாக இராமல் 18, 21, 24, 27 ஆண்டுகள் என வேறுபடும், ஐந்தாம் காலம் என்று தனியாக ஒன்றும் இராது. அக்கணக்கில் கடைசிக் காலம் 2017 முதல் 2044 வரை நீள்கிறது. அது வேறு கிளையின் கருவி. பறக்கும் நட்சத்திரக் கட்டத்துக்கு இருபது ஆண்டுக் கணக்கையே எடுக்க வேண்டும். இரண்டையும் கலந்தால் எந்தக் கிளையின் விதிக்கும் பொருந்தாத கட்டமே மிஞ்சும்.

காலத்தின் எண் கட்டத்துக்குள் செய்யும் வேலை

கட்டம் என்பது மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரங்கள். நடுச் சதுரம் வீட்டின் மையம்; சுற்றியுள்ள எட்டும் எட்டுத் திசைகள். வீடு பிறந்த காலத்தின் எண் நடுவில் அமரும். அங்கிருந்து வடமேற்கு, மேற்கு, வடகிழக்கு, தெற்கு, வடக்கு, தென்மேற்கு, கிழக்கு, தென்கிழக்கு என்ற மாறாத வழியில் அடுத்தடுத்த எண்கள் இடம்பிடிக்கும். ஒன்பதுக்குப் பின் ஒன்று வரும். இது அடித்தள அடுக்கு. இந்த எண்களையே இம்முறை நட்சத்திரங்கள் என்கிறது. அதன்பின் வீட்டின் முதுகுப்புறத் திசையில் விழுந்த எண்ணை நடுவுக்குக் கொண்டுவந்து மலை நட்சத்திரங்களையும், முகப்புத் திசையில் விழுந்த எண்ணை நடுவுக்குக் கொண்டுவந்து நீர் நட்சத்திரங்களையும் ஓட்டுவார்கள். மலை நட்சத்திரம் வீட்டாரின் உடல்நலத்தையும் உறவுகளையும், நீர் நட்சத்திரம் பொருள் வரவையும் காட்டும் என்பது மரபு. இந்த ஓட்டம் சில வேளை ஏறுமுகமாகவும் சில வேளை இறங்குமுகமாகவும் செல்லும். அதற்கான விதி தனிப்பாடம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றே: முதுகிலும் முகப்பிலும் எந்த எண் விழும் என்பதையே காலம் தீர்மானிப்பதால், காலம் தவறினால் மூன்று அடுக்குகளும் தவறிவிடும்.

ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம். முதுகு நேர் வடக்கிலும் முகப்பு நேர் தெற்கிலும் உள்ள ஒரு வீடு, அதாவது திசைகாட்டியில் முகப்பு 172.5 பாகைக்கும் 187.5 பாகைக்கும் இடையில் விழும் வீடு, எட்டாம் காலத்தைச் சேர்ந்தது என்று கொள்வோம். எட்டு நடுவில் அமர, தெற்கில் மூன்றும் வடக்கில் நான்கும் விழுகின்றன. நான்கை நடுவில் வைத்து ஏறுமுகமாக ஓட்டினால் தெற்குக்கு மலை நட்சத்திரமாக எட்டு வருகிறது. மூன்றை நடுவில் வைத்து இறங்குமுகமாக ஓட்டினால் நீர் நட்சத்திரமாகவும் தெற்குக்கு எட்டே வருகிறது. காலத்தின் அரச எண், அதாவது அந்தக் காலத்துக்கே உரிய எண்ணான எட்டு, இரட்டையாக வாசற்பக்கம் வந்து நிற்கிறது.

அதே வீட்டை ஒன்பதாம் காலத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பது நடுவில் அமர, தெற்கில் நான்கும் வடக்கில் ஐந்தும் விழுகின்றன. ஐந்து இறங்குமுகமாகவும் நான்கு ஏறுமுகமாகவும் ஓடி, இரட்டை ஒன்பது வடக்கில், வீட்டின் முதுகுப்புறத்தில் போய்ச் சேர்கிறது. தெற்கு வாசலில் மிஞ்சுவது மலை ஒன்றும் நீர் எட்டும். சுவரும் கதவும் திசையும் ஒரு விரற்கடையும் மாறவில்லை. ஆனால் முதல் கட்டம், வாசலுக்கு முன்னே திறந்த வெளியோ நீரோ இருக்கட்டும் என்கிறது. இரண்டாவது கட்டம் வீட்டின் பின்புறத்தைக் கவனிக்கச் சொல்கிறது. தவறான காலத்தை நம்பித் தோட்டத்தில் குளம் வெட்டுபவர் குளத்தைத் தவறான பக்கத்தில் வெட்டிவிடுவார்.

எந்தத் தேதி வீட்டின் பிறப்பு

இன்று பரவலாக உள்ள பறக்கும் நட்சத்திர முறைக்கு வடிவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் ஷென் ஜூரெங் (1849–1906). அவர் மறைந்தபின் அவருடைய குறிப்புகளை அவர் மகன் தொகுத்து வெளியிட்டதால்தான், அதுவரை குருவிடமிருந்து சீடருக்கு மறைவாகக் கைமாறிய கணக்குகள் பொதுவெளிக்கு வந்தன. இந்த மரபு வீடுகளைப் போலவே கல்லறைகளையும் கணித்தது. கல்லறைக்குக் காலம் குறிப்பதில் பெரிய சிக்கல் இல்லை. அடக்கம் செய்து மண் மூடிய நாளே அதன் தொடக்கம். வீடு விஷயத்தில் மூடப்படுவது எது என்ற கேள்வி எழுந்தபோது, கூரை என்பதே பழைய விடையாக இருந்தது. கூரை இல்லாத சுவர்களுக்குள் வானமும் மண்ணும் நேரடியாகக் கலந்து கிடக்கின்றன. கூரை அமைந்த கணத்தில்தான் அந்த இடத்துக்கென ஒரு தனிக்காற்று பிடிபடுகிறது, அந்தக் காலத்தின் சீ என்னும் உயிராற்றல் உள்ளே தங்குகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே கட்டி முடித்த தேதி, குறிப்பாகக் கூரை வேலை நிறைவடைந்த தேதி, வீட்டின் பிறப்பாயிற்று.

இதன்படி அடிக்கல் நாட்டிய நாள் கணக்கில் வராது. ஹாங்காங்கில் உள்ள எச்.எஸ்.பி.சி. வங்கியின் தலைமையகத்துக்காக 1980களின் தொடக்கத்தில் பழைய கட்டடம் இடிக்கப்பட்டது. அப்போது நடந்தது ஆறாம் காலம். புதிய கட்டடம் 1985-இல் முடிந்தது, அப்போது ஏழாம் காலம் பிறந்திருந்தது. எனவே அது ஏழாம் காலக் கட்டடம்.

மற்றொரு சாரார் குடிபுகுந்த நாளையே கொள்ள வேண்டும் என்கிறார்கள். மனிதர் நடமாட்டமும் அடுப்பெரிதலும் கதவு திறந்து மூடுவதும் இல்லாத வீட்டில் ஆற்றல் உறங்கிக் கிடக்கும், குடும்பம் வந்தபின்தான் விழிக்கும் என்பது அவர்கள் வாதம். இதில் ஓர் உண்மை இருப்பதாகவே நான் கருதுகிறேன்; ஆனால் அதன் எல்லையை மீறி அதை இழுக்கக் கூடாது. 2003-இல் கட்டி முடித்து, விற்காமல் பூட்டியே கிடந்து, 2005-இல் முதல் குடும்பம் குடியேறிய வீட்டை எட்டாம் கால வீடாகக் கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. அவ்வீட்டின் கதவு முதன்முதலாக வாழ்க்கைக்குத் திறந்தது எட்டாம் காலத்தில்தான். ஆனால் 1990-இல் கட்டி அன்றே குடிபுகுந்த வீட்டை, இரண்டு குடும்பங்கள் வாழ்ந்து சென்றபின், 2024 மார்ச்சில் மூன்றாவது குடும்பம் வாங்கினால், அதை ஒன்பதாம் கால வீடு என்பது பொருந்தாது. வீட்டின் கட்டம் ஒரு ஜாதகம் போன்றது. குருப் பெயர்ச்சி வந்தால் ஜாதகக் கட்டம் மாறுவதில்லை, பலன் சொல்வதுதான் மாறுகிறது. வீட்டுக்குப் புதிதாக வருபவர்கள் அதே கட்டத்துக்குள் வந்து வாழ்கிறார்கள். தம் பெட்டி படுக்கையோடு புதிய கட்டத்தைக் கொண்டுவருவதில்லை.

அடுக்குமாடி வீடுகளில் இந்த விவாதம் இன்னும் சூடாக நடக்கும். சிங்கப்பூரின் தோ பாயோவில் 1970களின் தொடக்கத்தில் எழுந்த ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடத்தில், 2010-இல் ஒரு தமிழ்க் குடும்பம் மறுவிற்பனை வீடு வாங்கியிருந்தால், எந்தக் காலத்துக்குக் கட்டம் போடுவது? குடியேறிய தேதிக் கணக்கில் எட்டாம் காலம், கட்டடக் கணக்கில் ஆறாம் காலம். நான் ஆறாம் காலத்தையே எடுப்பேன். அந்தக் குடும்பத்துக்கு மேலே உள்ள கூரை அவர்களுடையது அன்று, மொத்தக் கட்டடத்துக்கும் உரியது. மேல்மாடி வீடும் கீழ்மாடி வீடும் அக்கூரை அமைந்தபோது ஒன்றாகவே பிறந்தன. பக்கத்து வீட்டார் 1995-இல் வந்தார்கள் என்பதற்காக, ஒரே நடைகூடத்தில் ஒரே திசை பார்த்த இரண்டு வீடுகளுக்கு இரு வேறு காலங்கள் சொல்வது மரபின் அடிப்படையையே கழற்றிவிடுகிறது. குடியேறிய தேதியை வைத்துப் பார்க்கும் ஆசான்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஹாங்காங்கிலும் பலர் உள்ளனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்களிடம் ஆலோசனை கேட்பவர், எந்தத் தேதியை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதை முதலிலேயே கேட்டுக்கொண்டால் பின்னர் குழப்பம் இராது.

தேதியை அக்கம்பக்கத்தாரின் நினைவிலிருந்து எடுப்பதைவிட ஆவணத்திலிருந்து எடுப்பது நல்லது. வீவக வீடுகளுக்கு 99 ஆண்டுக் குத்தகை தொடங்கிய ஆண்டு பதிவில் இருக்கும். சிங்கப்பூரின் தனியார் கட்டடங்களுக்கு டி.ஓ.பி. எனப்படும் தற்காலிகக் குடியேற்ற அனுமதியின் தேதி இருக்கும். மலேசியாவில் 2007 முதல் சி.சி.சி. என்னும் நிறைவுச் சான்றிதழும், அதற்கு முன் சி.எஃப். என்னும் தகுதிச் சான்றிதழும் வழங்கப்பட்டுள்ளன. இச்சான்றுகள் கூரை போட்ட நாளைத் துல்லியமாகச் சொல்வதில்லை. அதற்குச் சில மாதங்கள் பிந்தியே வரும். காலத்தின் நடுவில் முடிந்த வீட்டுக்கு அந்த இடைவெளி பொருட்டே இல்லை. 1991 ஆனாலும் 1992 ஆனாலும் ஏழாம் காலம்தான். 1984 தொடக்கத்திலோ 2004 தொடக்கத்திலோ வரும் சான்றுகளுக்கு மட்டும், பழைய ஒப்பந்தத் தாள்களையும் கட்டுமானப் புகைப்படங்களையும் தேடிப் பார்ப்பது அவசியமாகும்.

கூரையைப் பிரித்தால் காலம் மாறுமா

மாறும் என்பதே ஷென் வழியினரின் விடை. ஆனால் அதற்கு அவர்கள் வைத்த நிபந்தனை கடுமையானது. கூரையைப் பிரித்து, வெயிலும் மழையும் வீட்டின் நடுப்பகுதிவரை விழும்படி திறந்து, மீண்டும் மூடினால்தான் பழைய ஆற்றல் வெளியேறிப் புதிய காலத்தின் ஆற்றல் உள்ளே வரும் என்பார்கள். வேலை நடக்கும் நாள்களில் வீட்டார் வெளியே தங்கி, முடிந்தபின் நல்ல நாள் பார்த்து மீண்டும் குடிபுக வேண்டும் என்பதும் வழக்கம். சுவருக்குப் புதுச் சாயம் பூசுவதோ, தரை ஓடு மாற்றுவதோ, சமையல் மேடையை நகர்த்துவதோ இதில் சேராது. வாசற்கதவையும் தரையையும் உட்கூரைப் பலகையையும் ஒருசேர மாற்றினால் அடுக்குமாடி வீட்டின் காலமும் மாறிவிடும் என்று இன்று சொல்லப்படுவது, கூரையைத் தொட முடியாதவர்களுக்காகப் பின்னாளில் தளர்த்தப்பட்ட விதியாகவே எனக்குப் படுகிறது. பல ஆயிரம் வெள்ளி செலவழித்து அதை நம்புவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது நல்லது.

மலேசியாவின் பழைய வரிசை வீடுகளில் உண்மையான கூரை மாற்றம் அடிக்கடி நடக்கும். 1978-இல் கட்டிய ஓர் ஒற்றை மாடி வீட்டை 2012-இல் கூரை ஓடுகளையும் மரச்சட்டங்களையும் முற்றிலும் அகற்றி, மேலே ஒரு மாடி எழுப்பினால், அது ஆறாம் காலத்திலிருந்து எட்டாம் காலத்துக்கு வந்துவிட்டது என்பதில் பெரும்பாலான ஆசான்கள் உடன்படுவார்கள். பின்புறம் ஒரு சமையலறையை மட்டும் நீட்டி அதற்கு மட்டும் தகரம் போட்டிருந்தால், பழைய கூரை நிற்கும் வரை பழைய கட்டமே நிற்கும்.

இனி ஒன்பதாம் கால அவசரத்துக்கு வருவோம். புதிய காலம் பிறக்கும்போது எண்களின் வலிமை மாறுகிறது. எண்கள் இருக்கும் இடம் மாறுவதில்லை. எட்டாம் காலத்தில் அரசாக இருந்த எட்டு இப்போது அரியணையை விட்டு இறங்கிய நல்ல எண். ஒன்பது ஆட்சியில் இருக்கிறது. ஒன்று அடுத்து வரவிருக்கும் எண் என்பதால் வளர்முகமாகக் கருதப்படுகிறது. எனவே பழைய கட்டத்தை வைத்திருப்பவர், அதிலேயே நீர் நட்சத்திரம் ஒன்பதும் ஒன்றும் எங்கே விழுந்திருக்கின்றன என்று தேடினால் போதும். மேலே கண்ட தெற்கு நோக்கிய எட்டாம் கால வீட்டில் நீர் ஒன்பது வடகிழக்கிலும், நீர் ஒன்று மேற்கிலும் இருக்கின்றன. மேற்கில் அது மலை ஆறோடு சேர்ந்திருப்பது படிப்புக்கு உகந்த இணையாகப் போற்றப்படுவது. பிள்ளைகளின் மேசையை அங்கே போடலாம். வடகிழக்கில் ஒன்பது மலை ஏழோடு நிற்கிறது. ஒன்பதும் ஏழும் கூடுவதைப் பழைய பாடங்கள் தீயோடு தொடர்புபடுத்துவதால், அங்கே நடமாட்டத்தை மிகுவிக்கலாம், அடுப்பை மட்டும் தள்ளி வைக்கலாம்.

அதே வீட்டின் கூரையைப் பிரித்து ஒன்பதாம் காலத்துக்கு மாற்றினால் கிடைப்பது முதுகுப்புறத்து இரட்டை ஒன்பது. வீட்டின் பின்னே சிறிது நீரும் அதற்கப்பால் மேடும் இருந்தால் அது சிறந்த அமைப்பு. பின்னே பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டிக்கொண்டு நின்றால், பொருள் வரவுக்குரிய ஒன்பது சுவரில் முட்டிக்கொள்கிறது என்றே இம்மரபு வாசிக்கும். வீட்டின் ஆயுட்கணக்கையும் பார்க்க வேண்டும். நடுச் சதுரத்தில் உள்ள நீர் எண்ணுக்குரிய காலம் வரும்போது வீட்டின் பொருள் வளம் சிறைப்படும் என்பது விதி. எட்டாம் காலக் கட்டத்தில் அந்த எண் மூன்று. மூன்றாம் காலம் பிறப்பது 2084-இல். ஒன்பதாம் காலக் கட்டத்தில் அது நான்கு. நான்காம் காலம் பிறப்பது 2104-இல். கூரையைப் பிரிப்பவர் பெறுவது இருபது ஆண்டுகள், இழப்பது வாசலில் நின்ற இரட்டை எட்டு. முன்னே தெருவும் திறந்த வெளியும், பின்னே ஒட்டிய சுவருமாக உள்ள தெற்கு பார்த்த வீட்டுக்காரர், ஒழுகாத கூரையை இதற்காகப் பிரிக்க வேண்டாம் என்றே நான் சொல்வேன்.